ஒன்பது பாடிகளும் ஒரு மாப்பிள்ளையின் அம்மாவும்

என் கல்யாணத்தை அமெரிக்க அரசாங்கம் ஏழெட்டு மாதம் நிறுத்தி வைத்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள்கூட நம்புவதில்லை. "அமெரிக்காவுக்கு வேற வேல இல்லியாம்மா?" என்று கேட்கிறார்கள். வேறு வேலையும் இருந்திருக்கலாம். ஆனால் எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கூலிம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் நடந்ததையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்ததோடு இல்லை, அனுபவித்தவளும் நான்தான். ஆகவே நான் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த மேல்மாடியில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று ஒரு பலகை தொங்கியது. அந்த ஜாதகக் கடைக்குச் சொந்தக்காரர் எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்த கடவுள். ஓய்வு பெற்றதும் ஊரிலுள்ள மற்ற கிராணிமார் வீடு கட்டினார்கள், மாடு வாங்கினார்கள். இவர் அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். கையால் கணிக்கிற ஜாதகமெல்லாம் தப்பு, மெஷின் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. முப்பது வருஷம் ஆள் கணக்கும் பால் கணக்கும் பார்த்த மனிதர். மனிதர்கள் எழுதுகிற கணக்கின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

நான் அங்கே டைப் அடிக்கிறவள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகும். பிறகு பிரிண்டர் வீரிட்டுக்கொண்டு, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் காகிதத்தில் ராசிக் கட்டத்தை அடித்துத் தள்ளும். நான் ஓரங்களைக் கிழித்துக் கொடுப்பேன். பல பேர் கிழிக்க விடமாட்டார்கள். ஓட்டை இருந்தால்தான் கம்ப்யூட்டர் ஜாதகம், இல்லாவிட்டால் வெறும் ஜாதகம் என்பார்கள். நாலு நம்பர் லாட்டரிக்கு எண் எடுக்க வருகிறவர்கள் அந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டு போவார்கள்.

அந்த மெஷின் முன்னால்தான் அவரை நான் பார்த்தேன். லூனாஸ் பக்கத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டுகிறவர். அம்மா அனுப்பினாராம், ஜாதகம் எடுக்க வந்தார். பிரிண்டர் கத்தத் தொடங்கியதும் ஒரு எட்டு பின்னால் போனார்.

"என்னாங்க இது, எலிய மிதிச்ச மாதிரி கத்துது?"

"உங்க ஜாதகம் அப்படி," என்றேன்.

சிரித்தார். அதற்குப் பிறகு பால் லோரிக்கு அந்தப் பக்கமாக அடிக்கடி வேலை வந்தது. மேல்மாடி ஜன்னலுக்குக் கீழே லோரி நின்றால் தெரு முழுக்க ரப்பர் பால் நாறும். எனக்கு மட்டும் அது மல்லிகை மணம். கொஞ்ச நாளில் அவரே வீட்டில் சொல்லிவிட்டார். என் வீட்டிலும் சரி என்றார்கள். மிச்சமிருந்தது என் ஜாதகம் ஒன்றுதான்.

என் ஜாதகம் வீட்டில் இரண்டு இருந்தது, அதுதான் வம்பு. தோட்டத்துக் கோயில் பூசாரி ஒரு பஞ்சாங்கத்தை வைத்துக் கணித்ததில் எனக்குச் செவ்வாய் தோஷம் இருந்தது. பட்டணத்து ஜோசியர் வேறொரு பஞ்சாங்கத்தை வைத்துக் கணித்ததில் செவ்வாய் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. லோரிக்காரருடைய அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டுல ஒரு ஆளு பொய் சொல்றான். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துருவோம். அது சொன்னா அதோட முடிஞ்சிச்சு," என்று தீர்ப்புச் சொன்னார். தை பிறப்பதற்குள் தெரியவேண்டும், இல்லாவிட்டால் சுங்கை பட்டாணியில் ஒரு பெண் இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கேட்கலாம், அந்தக் கடையிலேயே வேலை பார்த்தவளுக்கு ஏன் கம்ப்யூட்டர் ஜாதகம் இல்லை என்று. ஊரார் ஜாதகத்தையெல்லாம் தட்டித் தட்டி எனக்கு என் ஜாதகத்தின் மேல் ஆசை வரவில்லை, அவ்வளவுதான். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கெல்லாம் பொட்டு வைப்பது வழக்கம். கிராணியார் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். திரைக்கு விபூதி பூசினார். பிரிண்டருக்குக் குங்குமம் வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "கணக்குப் போடுறது வெளியில இருக்கிற தகரமா? உள்ள இருக்கிறதுலா. அதுக்கில்ல பொட்டு வெக்கணும்?" என்று மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே பச்சையாக ஒரு போர்டு, அதன் நடுவில் கறுப்பாக ஒரு சில்லு. கிராணியார் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அதன் நெற்றியில் வைத்தார். தீபம் காட்டினோம். சுண்டல் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் என் பிறந்த நேரத்தைத் தட்டினேன். மெஷின் ஒரு தடவை முனகியது, சந்தனம் மணக்கப் புகைந்தது, பேச்சு மூச்சு நின்றுவிட்டது.

பினாங்கிலிருந்து ரிப்பேர்க்காரத் தம்பி வந்தார். மெஷினை விற்ற ஏஜெண்டிடம் வேலை செய்கிறவர். கழுத்தில் சின்னச் சிலுவை, சட்டைப் பையில் வரிசையாகத் திருப்புளிகள். என்னைவிடப் பெரியவர், ஆனால் என்னை அக்கா என்று கூப்பிடுவார். அதிலேயே எனக்குப் பாதிக் கோபம். மூடியைத் திறந்து பார்த்தவர் சில்லை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"அங்கிள், இது என்னா மஞ்சளா?"

"சந்தனம்," என்றார் கிராணியார் பெருமையாக. "மைசூர்ச் சந்தனம்."

"போர்டு போச்சு அங்கிள். புதுசு மாத்தணும்."

"மாத்திரு தம்பி."

அங்கேதான் தம்பி கதையைச் சொன்னார். அந்தச் சில்லு ரொம்ப வேகமாகக் கணக்குப் போடுமாம். அது ரஷ்யாக்காரன் கைக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டமாம். யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று எழுதிக் கொடுத்து, அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் புதுப் போர்டு கப்பல் ஏறுமாம்.

"ரஷ்யாக்காரன் கூலிமுக்கு எப்ப வந்தான்?" என்று நான் கேட்டேன்.

"வந்துட்டா என்னா செய்வீங்க அக்கா?" என்றார் தம்பி.

"பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்டரியில எல்லாம் இதே மெஷின் வெச்சிருக்கான். அவனுக்கும் இப்படித்தானா?"

"அவங்க பெரிய கொம்பெனி அக்கா. மொத்தமா ஒரே பெர்மிட் எடுத்து வெச்சிருக்காங்க. காலையில கெட்டுப் போனா சாயந்தரம் மாத்திருவோம். ஒத்த மெஷின் வெச்சிருக்கிறவங்க ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாத்தான் கேக்கணும். வரிசையில கடைசி."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி எந்தக் கோயிலில் இருக்கிறான் என்றே எனக்குத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் பெரிய கஷ்டம். வேறு வழியில்லாமல் தம்பியைத் திட்டினேன்.

அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டிய கேள்வித்தாள் வந்தது. கிராணியார் அன்றைக்குக் குளித்து, வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துரைமாரிடம் கற்ற ஆங்கிலம் அவருடையது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பிரேக் பிடிக்காது. அவர் நடந்துகொண்டே சொல்ல, நான் தட்டெழுத்தில் அடித்தேன்.

மெஷின் எந்த வேலைக்கு என்பது முதல் கேள்வி. நவக்கிரகக் கணிப்புக்கு என்று சொல்லவேண்டும். கிரகத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹெவன்லி பாடி' என்று ஒரு சொல் உண்டு என்று கிராணியாருக்குத் தெரியும். ஆனால் 'ஹெவன்லி' என்று போட்டால் மத விஷயம் என்று ஒதுக்கிவிடுவான், ஆகவே அதை எடுத்துவிடு என்றார். ஆகக்கூடி நாங்கள் எழுதியது இது: ஒன்பது பாடிகளின் நடமாட்டத்தை இரவு பகலாகக் கண்காணிப்பதற்கு. அவற்றில் இரண்டு பாடிகள் கண்ணுக்குத் தெரியாதவை.

"ஐயா, பாடின்னா பொணம் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"நீ தமிழ் ஸ்கூல்ல படிச்சவ. அடி," என்றார்.

பறக்கும் பொருள்களின் பாதையைக் கணிக்க இந்த மெஷின் பயன்படுமா என்று ஒரு கேள்வி. ஆம், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே, என்று பதில். அழிவு வரும் காலத்தையும் துல்லியமாகச் சொல்லும் என்று அவராகவே ஒரு வரி சேர்த்தார், ஏழரைச் சனியை மனதில் வைத்து. போர்த் தொழிலோடு தொடர்பு உண்டா என்பது அடுத்தது. கிராணியார் பொய் சொல்லாத மனிதர். சற்று யோசித்து, செவ்வாய்க்கு மட்டும் உண்டு, மற்ற எட்டும் அதனதன் இடத்தில் இருந்தால் தொல்லை தருவதில்லை என்று அடிக்கச் சொன்னார்.

கடைசிக் கேள்வி, 'என்ட் யூசர்' யார்? கிராணியாருக்கு அந்தச் சொல் புதிது. என்ட் என்றால் முடிவு, யூசர் என்றால் பயன்படுத்துகிறவர்.

"கடைசியில இந்தப் பேப்பர் யாரு கைக்குப் போவுது?" என்று என்னைக் கேட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எடுத்துக்கிட்டுப் போவாங்க. அப்புறம் மாப்பிள்ள வீட்டுக்குப் போவும்."

"அங்க யாரு பாப்பாங்க?"

"மாப்பிள்ளயோட அம்மாதான்."

அதுதான் சரி என்று அவருக்கும் பட்டது, எனக்கும் பட்டது. இப்போதும் எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. 'என்ட் யூசர்: எல்லாச் சமயத்திலும் மாப்பிள்ளையின் அம்மா' என்று எழுதி அனுப்பினோம்.

போர்டு வரும் என்று காத்திருந்தோம். எங்களைவிட அதிகமாகக் காத்திருந்தவர் என் மாப்பிள்ளையின் அம்மா. கூலிம் பசாரில் பூக்கடை வைத்திருந்தார். பூ விற்று முடிந்ததும் கூடையோடு மேல்மாடிக்கு ஏறி வருவார். படியேறும் சத்தம் கேட்டாலே மேசையில் கிடப்பதையெல்லாம் அடுக்கத் தொடங்குவேன். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, முண்டாசு கட்டினதுபோல் துணி போர்த்திக் கிடக்கும் மெஷினை ஒரு பார்வை பார்ப்பார்.

"வந்திச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"எங்க கெடக்காம்?"

"அமெரிக்காவிலங்க."

"அங்கேருந்து பஸ்ல வந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கும்."

நான் கோப்பி கலந்து கொடுப்பேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னா இது, பாயசமா? சீனியக் கொறச்சுப் போடு," என்பார். பயத்தில் எனக்குக் கை அளவு தெரியாது. அடுத்த முறையும் அதே கோப்பி, அதே ஏச்சு. அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அத்தை என்றால் ஆசையைப் பார் என்பார். அக்கா என்றால் உறவே மாறிவிடும். ஆகவே 'வாங்க', 'இருங்க', 'குடிங்க' என்று ஆள் இல்லாத வினைச்சொல்லாகவே மாதக் கணக்கில் ஓட்டினேன்.

தை பிறந்தது. போர்டு பிறக்கவில்லை. அன்றைக்கு அவர் படியேறி வந்தபோது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கோப்பியைக் குடித்தார், சீனிக்கு ஏசினார், பிறகு, "சரி, மாசி வரைக்கும் பாப்போம். சுங்கை பட்டாணிப் பொண்ணுக்கும் ஒண்ணும் அவசரமில்ல," என்றார். போகும்போது கூடையில் மிஞ்சிய மல்லிகையை மேசைமேல் போட்டார்.

"சாமிப் படத்துக்கு," என்றார். ஒரு படி இறங்கியதும், "மிஞ்சினா நீயும் வெச்சுக்க. வாடித்தான் போவும்," என்றார்.

அன்றைக்குச் சாமிக்கு ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை. எல்லாம் என் தலையில்தான்.

மாசியில் தம்பி முகம் வெளுத்து வந்தார். எங்கள் பதில்களைப் படித்துவிட்டு அங்கே பெரிய இடத்தில் யாரோ எழுந்து நின்றுவிட்டார்களாம். கண்ணுக்குத் தெரியாத இரண்டு பாடிகள் யாருடையவை என்று கேட்டிருந்தார்களாம். சிங்கப்பூரிலிருந்து பெரிய ஏஜெண்டின் ஆள் நேரில் வந்து பார்க்கும்வரை போர்டும் கிடையாது, உதவியும் கிடையாது.

"ஒதவின்னா?" என்றார் கிராணியார்.

"நான் மெஷினத் தொடக் கூடாது அங்கிள். எப்படி ரிப்பேர் செய்றதுன்னு வாயால சொல்லவும் கூடாது. சொன்னா அதுவும் சாமான் அனுப்புன மாதிரியாம்."

"அப்ப எதுக்கு வந்தே?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

கிராணியார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் முப்பது வருஷம் சட்டத்தின் ஓரமாக நடந்து பழகியவரும்கூட. "நீ சொல்ல வேணாம் தம்பி," என்றார். "இந்தப் பொண்ணு கழட்டும். நீ பாத்துக்கிட்டு இரு. சரின்னா ஒரு இருமல், தப்புன்னா ரெண்டு. இருமக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

தம்பி யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். காரியத்தைத் தொடங்குமுன் கிராணியார் வழக்கப்படி சாம்பிராணி போட்டார். நான் திருப்புளியோடு உட்கார்ந்தேன். சில்லின் கால்களில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். ஒரு இருமல். பக்கத்துத் திருகைக் கழற்றினேன், ஒரு இருமல். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வலது பக்கம் கழற்றினேன், இடது பக்கம் கழற்றினேன், எல்லாவற்றுக்கும் இருமல். பிறகு இருமல் நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் தம்பி கண்ணில் நீர் வழிய, சாம்பிராணிப் புகைக்குள் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கழற்றியதில் பாதித் திருகுகள் திரும்பப் போய்ச் சேரவில்லை. மீதியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தோம். அந்த அம்மா வந்து டின்னை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் செவ்வாயா?" என்று கேட்டார். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கோப்பி போடப் போனேன். கெடு பங்குனிக்குப் போனது. பங்குனியில் சித்திரைக்குப் போனது. லோரிக்காரர் ஜன்னலுக்குக் கீழே ஹாரன் அடித்து, 'என்னாச்சு' என்று கையால் கேட்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். எங்கள் காதலில் பேச்சைவிட அந்தப் பிதுக்கல்தான் அதிகம்.

சித்திரையில் சிங்கப்பூர்க்காரர் வந்தார். டை கட்டிய சீனர், நடுத்தர வயது. வெயிலில் டை கழுத்தை நெரிக்க, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கூடவே தம்பி. நான் பெரிய துரை ஒருவர் துப்பாக்கிக்காரர்களோடு வருவார் என்று பயந்திருந்தேன். இவரைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

கிராணியார் எழுந்து நின்று தன் ஆங்கிலத்தைத் தொடங்கினார். தம்பி எனக்காக ஓரத்தில் முணுமுணுத்துத் தமிழாக்கினார். ராகு, கேது என்று இரண்டு பேர் உண்டு, ஒருவருக்கு உடம்பில்லை, இன்னொருவருக்குத் தலையில்லை, ஒரே ஆளை இரண்டாக வெட்டியதால் வந்தது என்று கிராணியார் விளக்கினார். சீனர் எழுதுவதை நிறுத்தினார். எங்கே வெட்டினார்கள் என்று கேட்டார். பாற்கடலில் என்றார் கிராணியார். யார் வெட்டியது என்றார். மகாவிஷ்ணு என்றார். அவருக்கு இந்தக் கடையோடு என்ன தொடர்பு என்று சீனர் கேட்டபோது, என் கல்யாணம் கண் முன்னாலேயே கப்பலேறிப் போவதைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் படியில் அந்தச் சத்தம். கூடையும் ஆளுமாக அந்த அம்மா வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். சீனர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இந்த என்ட் யூசர், மாப்பிள்ளையின் அம்மா, அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். தம்பி எங்களைப் பார்த்தார். கிராணியார் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். நாலு பேரும் திரும்பியதும் அவர் சீனரைப் பார்த்தார்.

"இவனா போர்ட்ட வெச்சுக்கிட்டு தராதவன்?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பசாரில் இருபது வருஷம் சீனர்களோடு பூவுக்கு விலை பேசிய மலாயில் ஆரம்பித்தார்.

"இனி மெசின் காவின் புஞ்யா லா, தவ்கே. காடோ புஞ்யா புக்கான்."

இது கல்யாணத்துக்கான மெஷின், சண்டைக்கானது இல்லை, முதலாளி. அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு என்னைக் கையால் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கீழே நின்ற பால் லோரியைக் காட்டினார். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். பிறகு பிஸ்கட் டின்னை எடுத்து அவர் காதருகே ஆட்டினார்.

சீனர் முகம் மெல்லத் தெளிந்தது. "ஓ," என்றார். "தெங்கோ ஹாரி பாய்க்?" நல்ல நாள் பார்க்கிறதா என்று அர்த்தம். அவருடைய அம்மாவும் சீனப் பஞ்சாங்கம் பார்க்காமல் தலைகூடக் குளிக்கமாட்டாராம். மகன் கல்யாணத்தையே இரண்டு தடவை தள்ளி வைத்தாராம். அந்த அம்மா, "பாத்தியா," என்பதுபோல எங்களைப் பார்த்தார். கிராணியார் பக்கம் பக்கமாக எழுதியதையெல்லாம் சீனர் ஒரே கோடாக அடித்துவிட்டு, அதற்கு மேல் ஒரே ஒரு சொல்லை எழுதினார்: கல்யாணம். போகும்போது கோப்பியைக் குடித்துவிட்டு, சீனி சரியாக இருக்கிறது என்றார். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

வைகாசியில் போர்டு வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. இந்தக் கருவி கல்யாண காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும், வேறு எதற்கும் கூடாது. கிராணியார் அதைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்கப்புறம் பிள்ளைக்குப் பேர் வைக்க வந்தவர்களையும், புது வீட்டுக்கு நாள் பார்க்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். நாலு நம்பர் கேட்டு வந்த ஒருவர், "அட என்னாங்க கிராணியாரே, அமெரிக்காக்காரன் பாத்துக்கிட்டா இருக்கான்?" என்று கெஞ்சினார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்," என்றார் கிராணியார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தக் கடை அதோடு படுத்ததற்கு ரஷ்யாக்காரன் காரணமில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தம்பி போர்டை மாற்றிய அன்றைக்கு எல்லோரும் இருந்தோம். லோரிக்காரரும் மேலே வந்து சுவரோரம் நின்றார், ரப்பர் பால் நாற்றத்தோடு. இந்த முறை சந்தனம் இல்லை. கிராணியார் வெகுதூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி. என் பிறந்த நேரத்தை நானே தட்டினேன். விரல் இரண்டு தடவை வழுக்கியது. மெஷின் முனகியது. பிரிண்டர் எலியை மிதித்தாற்போல் கத்தத் தொடங்கியது. காகிதம் மேலே வர வர நான் படித்துக்கொண்டே போனேன். ஊரார் ஜாதகம் எத்தனையோ அடித்தவள். கட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழில் செவ்வாய், அசையாமல், தோட்டத்துப் பூசாரி சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

கிராணியார் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "பரிகாரம் ஏதாச்சும் இருக்கும்," என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் ஜாதகத்தில் தோஷம் இல்லை. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் தேறாது. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் பிரிண்டர் ஓரத்தில் கிழிந்த ஓட்டைக் காகிதத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. இந்த மெஷினுக்காகவா இத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அதன்மேல் ஆத்திரமும் வந்தது. அந்தப் பிஸ்கட் டின்னை அதன் தலையிலேயே போடலாம் என்றிருந்தது.

அந்த அம்மா கையை நீட்டினார். கிராணியார் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் காகிதத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார், மெஷினையும் பார்த்தார்.

"கிராணியாரே, இந்த மெஷினுக்கு ஜாதகம் எடுத்தீங்களா?"

"மெஷினுக்கா?"

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளி. தன் சாமான் எப்ப வரும்னு தெரியாம இத்தன மாசம் துணியப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்திச்சு. நான் வந்து மலாய்ல பேசி எடுத்துக் குடுத்தேன். இப்ப இது எனக்குச் சொல்லுதா?"

சுவரோரம் லோரிக்காரர் சிரிப்பை அடக்கியதில் ஒரு சத்தம் வந்தது. அந்த அம்மா காகிதத்தை நாலாக மடித்து, கூடையில் மிஞ்சிய பூவைச் சுற்ற அதை எடுத்துக்கொண்டார். பூப்பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"நீ என்னா பாத்துக்கிட்டு நிக்கிறே? கோப்பி போடு. சீனியக் கொறச்சு. எத்தன மாசமாச் சொல்றேன், இந்த அத்த சொல்றத ஒரு நாளாச்சும் கேட்டியா?"

அன்றைக்கும் சீனி கூடித்தான் போயிற்று. ஏசாமல் குடித்தார்.